உதடு மிச்சம்

எனக்குக் குரல் போகப்போகிறது என்று டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப இனிமே என்னை யாரு திட்டுவா?" டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது வேடிக்கைக் கேள்வியே இல்லை. சர்க்கரை அவருடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்குள் அவர் என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். "இடது பக்கம் வாளி", "கதவு பாதிதான் திறந்திருக்கு", "அது சுவர் இல்லைங்க, நான்" என்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வாய் ஓயாமல் நான்தான் அவரை ஓட்டிக்கொண்டிருந்தேன். காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன். கடைசியில் அவருக்கு நான் டிரைவர்.

எனக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். அடுத்த வாரம் ஆபரேஷன். ஏற்கெனவே ஒரு வருஷமாக என் பேச்சு தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரிதான் இருந்தது. இனி அந்தத் தகரமும் கிடையாது. ஒருத்தருக்குக் கண் இல்லை, ஒருத்திக்கு வாய் இல்லை. நல்ல பொருத்தம் பார்த்துத்தான் சேர்த்துவைத்திருக்கிறான் கடவுள் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

தொட்டுப் பேசிப் பழகலாம் என்று முயற்சி செய்தோம். தோளில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. அரை நாள் தாங்கவில்லை. "மாட்டைத் தட்டற மாதிரி என்னைத் தட்டாதே. எனக்கு உன் பேச்சு வேணும்" என்று கையை உதறிவிட்டார். உதறிய கையோடு அலமாரியில் போய் இடித்துக்கொண்டார். அலமாரி இருப்பதைச் சொல்வதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு மெஷினைக் கொண்டுவந்து காட்டினாள். பள்ளிக்கூடத்து சிலேட்டு அளவுதான் இருக்கும். எழுத்துகளைத் தட்டினால் அது வாய்விட்டுச் சொல்லும். "சாப்பிட்டீர்களா" என்று தட்டினேன். வழவழவென்று ஒரு குரல், உப்பும் இல்லாமல் உறைப்பும் இல்லாமல், "சாப்பிட்டீர்களா" என்றது.

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரது?"

"நான்தாங்க" என்றேன் தகரக் குரலில்.

"நீ இல்ல. அந்தப் பொம்பள யாரு? அது பேசினா நான் பதில் பேச மாட்டேன். முன்னப்பின்ன தெரியாதவகூட ஒரே வீட்ல எப்படிக் குடித்தனம் பண்றது?"

பயிற்சிப் பெண் பொறுமைசாலி. என் பக்கம் திரும்பினாள். "ஒரு வழி இருக்கும்மா. முன்னாடி நீங்க கணீர்னு பேசின பதிவு ஏதாவது இருக்கா? அரை மணி நேரப் பேச்சு கிடைச்சாப் போதும். இந்த மெஷினையே உங்க குரல்ல பேச வெச்சிடலாம்."

ஆபரேஷனுக்குள் அரை மணி நேரக் குரலைத் தேடிப் பிடிக்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். ஆயுசெல்லாம் மைக்கில்தான் பேசினேன். எந்த பஸ் எந்த மேடை, எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்று அத்தனையும் சொன்னேன். சொன்னது சொன்னபடி காற்றோடு போயிற்று. ஒரு வார்த்தையைக்கூட ஒருவரும் பிடித்துவைக்கவில்லை. வீட்டிலும் அதே கதைதான். கல்யாண வீடியோ பூராவும் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தான் அந்த வீடியோக்காரன். அதில் நான் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். போனில் பேசினதாவது பதிவாகியிருக்குமா என்றால், பேச வேண்டிய ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருந்தார்.

என் குரல் பதிந்திருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். அதை நினைத்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது.

பஸ் நிலைய வேலைக்கு முன்னால், இருபது வயதில், நான் படங்களுக்குக் குரல் கொடுத்தேன். சாதாரணப் படங்கள் இல்லை. ஒரு கம்பெனி வெளிநாட்டுக் கடற்கரைப் படங்களை மலிவாக வாங்கி, நம் பேச்சைப் போட்டுக் காலைக் காட்சிக்கு விட்டுக்கொண்டிருந்தது. சுவரொட்டியில் முதுகு தெரியும், பக்கத்திலேயே 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். கதை என்ன என்று கேட்காதீர்கள். நாலு பெண்கள் ஒரு தீவுக்குப் போவார்கள். அங்கே வெயில் அடிக்கும். வெயில் அடித்தால் உடுப்பு எதற்கு? அவ்வளவுதான் கதை. நடுவில் யாராவது ஒரு திருடனோ பேராசிரியரோ வருவார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

பேச்சுப் பதிகிற அறைக்கு ஜன்னல் கிடையாது. சத்தம் கேட்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். புழுக்கத்தில் ஈரத் துணி மாதிரி நிற்பேன். எதிரே திரையில் ஒருத்தி வெள்ளை மணலில் ஓடுவாள். தங்க நிறத் தோள், நனைந்த தலைமுடி, உலகத்தில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத சிரிப்பு. நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. அவள் வாய்க்குள் புகுந்துகொண்டு நானும் ஓடினேன். இப்போது சொல்வதற்கென்ன, எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். குப்பை என்று தெரியும், தெரிந்தே பிடிக்கும். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு தியேட்டரின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுற்றிலும் ஆம்பிளைகள், யார் முகத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு என் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. அவர்கள் மொழியில் நீளமாகப் பேசியிருப்பார்கள், நமக்கு எழுதிக் கொடுத்த வசனம் பாதியிலேயே முடிந்துவிடும். திரையில் வாய் அசைந்துகொண்டே இருக்கும். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்: "உதடு மிச்சம் இருக்கும்மா! எதையாவது போட்டு ரொப்பு!" நானும் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புவேன். என்ன போட்டேன் என்று வெளியே வந்ததும் மறந்துவிடும். சில இடங்களில் பேச்சே இருக்காது. அங்கே "கொஞ்சம் மூச்சு விடும்மா" என்பார். அதையும் விட்டேன். வயிற்றுப் பிழைப்பு.

இதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்தேன். கண் இருந்த காலத்தில், டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார், அப்பேர்ப்பட்ட உத்தமர். என்னை அவர் முதன்முதலில் சந்தித்ததே சண்டைபோடத்தான். "என் பஸ்ஸைத் தப்பான மேடையில் சொல்லிட்டே" என்று அறிவிப்பு அறைக்குள்ளேயே வந்துவிட்டார். நான் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். மறுநாளும் சண்டைக்கு வந்தார். அப்படியே கல்யாணத்தில் முடிந்தது.

ஒவ்வொருவராகப் போன் செய்தேன். கம்பெனி முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். பதிவுக்கூடம் இருந்த இடத்தில் மெத்தை விற்கிறார்கள். மூலச் சுருள்கள் ஒரு வெள்ளத்தில் ஊறிப்போய் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன. பழைய ஒலிப்பதிவாளர் மட்டும் உயிரோடு இருந்தார். என் தகரக் குரலை அடையாளம் தெரியாமல் முதலில் போனை வைத்துவிட்டார். இரண்டாம் முறை விஷயத்தை முழுசாகக் கேட்டார். அப்புறம், "ஒரு பல் டாக்டர் இருக்கார்மா. அந்தப் படங்கள் மேல பைத்தியம். அவர்கிட்ட இல்லன்னா எங்கயும் இல்ல" என்றார்.

வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். வெளியே விடாத மழை.

"உக்காருங்க. எந்தப் பல்லு?" என்றார் டாக்டர். வழுக்கை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, சுவரில் குடும்பப் படம். நாற்பது வருஷமாகப் பல் துலக்கச் சொல்லிச் சொல்லியே சாந்தமான முகம்.

"பல்லு இல்ல டாக்டர். படம். கடற்கரைப் படம்."

எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். "மெதுவாப் பேசுங்க. என் சம்சாரம் மாடியில இருக்கா."

நான் யார் என்று சொன்னேன். நம்பவில்லை. மஞ்சள் படகு வருமே, அந்தப் படத்துப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தது நான்தான் என்றதும் என் முகத்தையே பார்த்தார். கோயில் கர்ப்பக்கிரகத்தில் எலி ஓடினதைப் பார்த்தவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "அந்தச் சிரிப்பு..." என்றார். "ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்ட முடியுமா?" முயன்றேன். இருமல்தான் வந்தது, கைக்குட்டையில் ரத்தத்தோடு. அவர் அவசரமாகத் தண்ணீர் கொடுத்தார்.

எக்ஸ்ரே அறை என்று பலகை போட்ட அறைக்குள் ஒரு பழைய ப்ரொஜெக்டர் இருந்தது. சுருளை மாட்டிக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினார். "நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ளதான் என் பிழைப்பு. எல்லா வாயும் இருட்டு, எல்லாம் சொத்தை. வர்றவன் எல்லாம் அழுதுக்கிட்டே வரான். சாயங்காலம் இந்த ரூமுக்குள்ள வந்தா வெயிலும்மா. இதுல யாருக்கும் வலி கிடையாது. அத்தனை பேருக்கும் அத்தனை பல்லும் சொந்தப் பல்லு. தப்புதான், பேரப்பிள்ளை எடுத்த வயசு. ஒவ்வொரு தடவையும் இதான் கடைசின்னு நினைக்கறேன். மறுநாள் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினதும் திரும்ப இங்கதான் வரேன்."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள்தானே.

விளக்கை அணைத்தார். சுவர் முழுக்க வெயில் கொட்டியது. என் கண் கூசியது. அவள் ஓடினாள், குதித்தாள், நனைந்தாள், மணலில் புரண்டாள். மேலே தாரை தப்பட்டையாக இசை. நடுநடுவே என் மூச்சு. மறுபடி ஓட்டம், மறுபடி தண்ணீர், வேறு படம், வேறு பெண், அதே வெயில். பேச்சு வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை.

"பேசற இடமெல்லாம் எங்க டாக்டர்?"

"அது வந்து..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தியேட்டரை மூடினப்ப எல்லாப் படத்தையும் நான்தான் எடுத்தேன். முழுசா வெச்சுக்க இடம் ஏது? உக்காந்து வெட்டி, நல்லதை மட்டும் எடுத்து ஒட்டிக்கிட்டேன். மிச்சத்தை எடைக்குப் போட்டுட்டேன்."

நல்லதை மட்டும்! அடப்பாவி மனுஷா! தொடையை வைத்துக்கொண்டு தொண்டையை எடைக்குப் போட்டிருக்கிறார். கத்த வேண்டும் போல இருந்தது, கத்தத் தொண்டை இல்லை. மேசையில் இருந்த ஒரு பிளாஸ்டர் பல்செட்டை எடுத்து எறிந்தேன். அது சுவரில் பட்டு, ஓடிக்கொண்டிருந்தவளின் வயிற்றில் ஒரு புள்ளி விழுந்தது. அப்புறம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டில் ஒரு மனுஷன் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், நான் எதிரிலேயே ஊமையாக நிற்பேன். வேறென்ன வழி இருக்கிறது எனக்கு?

டாக்டர் ப்ரொஜெக்டரை நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றவில்லையோ என்னவோ. அப்போதுதான் கேட்டது. குளிக்கிற காட்சி முடிந்து, படம் சட்டென்று மாறி, அடுத்தவள் பந்து விளையாட ஆரம்பித்திருந்தாள். அதன் மேல், சம்பந்தமே இல்லாமல், "போடா" என்றது ஒரு குரல். கணீரென்று, இளமையாக, திமிராக. என் குரல்.

"அது ஒட்டின இடத்துக் கோளாறு. எல்லா ஒட்டுலயும் இப்படித்தான் ஏதாவது கத்தும்" என்றார் டாக்டர்.

எனக்கு ஒலிப்பதிவாளர் புலம்புவது ஞாபகம் வந்தது. ஃபிலிமில் படத்துக்கு நேராக அதன் சத்தம் இருக்காது, ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக முன்னாலேயே பதிந்திருக்கும். கண்ணால் பார்த்து வெட்டுகிறவன் படத்தைத்தான் வெட்டுவான். அடுத்த காட்சியின் முதல் வார்த்தை, வாலில் ஒட்டிக்கொண்டு தப்பித்துவிடும். அப்படியானால் இவர் வெட்டின ஒவ்வொரு துண்டின் வாலிலும் நான் இருக்கிறேன்.

சுருள் முழுவதையும் திரும்ப ஓட்டச் சொன்னேன். என் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்தோம். டாக்டர் கர்ம சிரத்தையாக, இந்த முறை திரையைப் பார்க்காமல், ஒவ்வொரு ஒட்டு வரும்போதும் விரலை உயர்த்திக் காட்டினார். "போடா." "சீ, விடு." "ஐயோ, தண்ணி." "யாரு அது?" அப்புறம் மஞ்சள் படகு மூலையில் தெரிகிற ஒரு குளியல் முடிந்ததும், "நான் இங்க", அதோடு வெட்டு. பாதி வார்த்தையில் கழுத்தை நெரித்த மாதிரி. அதன் மீதி என்ன என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பெண் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். முகம் சிவந்தது. சிரிக்கவில்லை, நல்ல பெண். "அம்மா, இது பத்தாது. முழு வாக்கியம் வேணும். இதை வெச்சு மெஷினுக்குக் குரல் செய்ய முடியாது." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "வேணும்னா இந்தத் துண்டையெல்லாம் அப்படியே பட்டன்ல போட்டுத் தரேன். அழுத்தினா அது மட்டும் கேக்கும்."

வேண்டாம் என்று தலையாட்டினேன். புருஷனிடம் "சீ, விடு" என்று சொல்வதற்கா இத்தனை பாடு? அவள் கேட்காமல் போட்டுவைத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பேசிக்கிட்டே இரு" என்றார். பேசினேன். வாளி, கதவு, அலமாரி என்று வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அது அது இருக்கிற இடத்தோடு சொன்னேன். வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

மயக்கம் தெளிந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கழுத்தில் குழாய், மூக்கில் குழாய், ஒரு கையில் ஊசி. இன்னொரு கைக்கருகில் மெஷின். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி முக்காலியில் அவர். குழாய்களில் கை பட்டுவிடும், தொடக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவர் இரண்டு கையையும் மடிக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருக்கியா?" என்றார்.

வாயைத் திறந்தேன். காற்றுகூட அந்த வழியாக வரவில்லை.

"ஏய், இருக்கியா?"

விரலால் தேடித் தட்டினேன். "இருக்கிறேன்" என்றது அந்த வழவழப் பொம்பளை.

அவர் முகம் வெளுத்தது. "சிஸ்டர்! என் வீட்டுக்காரி எங்க?"

"இதோ உங்க எதிர்லதான் இருக்காங்க ஐயா. முழிச்சுக்கிட்டாங்க."

"பொய் சொல்லாதீங்க. இது மெஷின். மெஷினை வெச்சு என்னை ஏமாத்தறீங்களா? அவ போயிட்டாளா? உண்மையைச் சொல்லுங்க, போயிட்டாளா?" எழுந்தார். முக்காலி உருண்டது. கையை முன்னே நீட்டிக்கொண்டு நடந்தார், என்னை விட்டு எதிர்ப் பக்கமாக, வாசலைப் பார்த்து. அங்கே மருந்து வண்டி நின்றது. வலது பக்கம் வண்டிங்க, வலது பக்கம்! என் உள்ளமெல்லாம் கத்தியது, கட்டில் கம்பிகூட அதிரவில்லை. நர்ஸ் அவர் தோளைப் பிடித்தாள், உதறினார்.

மானமாவது மண்ணாவது. பட்டனை அழுத்தினேன்.

"நான் இங்க"

அவர் நின்றார். மருந்து வண்டிக்கு ஒரு சாண் முன்னால், நீட்டிய கை நீட்டியபடி நின்றார். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி அழுத்தினேன்.

"நான் இங்க"

மெதுவாக என் பக்கம் திரும்பினார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார்: "நான் இங்கதான் இருக்கேன். கண்ணு தெரியலன்னா என்ன, காது இருக்கில்ல? குரலைப் பிடிச்சுக்கிட்டு வா."

வெட்டுப்பட்டுப் போன வசனத்தின் மீதி அது.

"மஞ்சள் படகு" என்றார். "அவ படகுக்குப் பின்னாடி நிப்பா. அவன் கண்ணைக் கட்டிக்கிட்டு மணல்ல தேடுவான்." ஓரடி வைத்தார், இன்னோரடி. கட்டில் கம்பியைத் தொட்டதும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக ஒரு முகம். "சிஸ்டர், நீங்க காதைப் பொத்திக்குங்க. அந்தப் படம் ஓடின வரைக்கும் எனக்கு வேற சோலியே இல்ல. பேச்சு வந்தா எல்லாப் பயலும் பீடி பிடிக்க வெளிய போயிடுவான். நான் மட்டும் உள்ள உக்காந்திருப்பேன், கண்ணை மூடிக்கிட்டு. அந்தக் குரல் மேல எனக்கு அப்படி ஒரு கிறுக்கு. அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு மைக்ல அதே குரல், மூணாவது மேடைன்னு சொல்லுது. நான் பிரேக்கை மிதிச்ச மிதியில பின்னாடி பாதிப் பேரு விழுந்துட்டாங்க. சண்டை போடவா வந்தேன்னு நினைச்சே?"

சோப்பு விளம்பரத்துக்குத் தலையைத் திருப்பின உத்தமர்! இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே வெயிலை ஆளுக்கு ஒரு பக்கமாக ஒளித்துவைத்திருந்தோம். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கும் சத்தம் இல்லை.

"அந்த வசனத்தை எவன் எழுதினானோ, மகராசன்" என்றார். "கண்ணு போன அன்னிக்கு ராத்திரி அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டேன்."

எவனும் எழுதவில்லை. "நான் இங்கதான் இருக்கேன்" என்பதோடு தாளில் வசனம் முடிந்துவிட்டது. இப்போது ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையை ஆட்டியதும், ஜன்னலில்லாத அந்த அறையும், திரையில் நிற்காமல் அசைந்த அவள் வாயும். மீதி எல்லாம் உதடு மிச்சம். வாய்க்கு வந்ததைப் போட்டு நான் நிரப்பியது.

அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மெஷினில் 'நான்தான்' என்று தட்டினேன். பேசு என்கிற பட்டனுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு, கம்பியை விடாமல், வரப்போகிற குரலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதைப் போய் அந்த வழவழப் பொம்பளை வாயால் சொல்வதா? தட்டியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். எனக்கென்று மிச்சம் இருந்ததில் ஒன்றை அழுத்தினேன்.

"போடா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு தடவைகூட நீ என்னை டா போட்டதில்லையேடி. இன்னொரு தடவை சொல்லு."

இன்னொரு தடவை அழுத்தினேன்.